முதல் பழைய பெயின்ட்பால் துப்பாக்கி: நெல்ஸ்பாட், ஷெரிடன், டிப்மன், ஆட்டோமேக், ஆட்டோகாக்கர் – எதை வாங்கலாம்?

பழைய பெயின்ட்பால் துப்பாக்கி, அதாவது பெயின்ட் அடைத்த உருண்டையை வாயு அழுத்தத்தால் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எது ரொம்ப அரியது?" வாங்கிய பிறகு அவர்களைப் படுத்துவதும் அந்தக் கேள்விதான். அரிதாக இருப்பதும் பழுது பார்க்க முடிவதும் வேறு வேறு. உலோக உடம்பு நாற்பது ஆண்டு ஆனாலும் தாங்கும். வாயுவைப் பிடித்து வைக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் தாங்காது. எந்த மாடலுக்கு ஓ-ரிங்கும் (வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) வால்வு சீலும் இன்றும் கடையில் கிடைக்கும், எதற்கு லேத்தில் கடைந்தால்தான் உண்டு, எதற்கு என்ன செய்தாலும் கிடைக்காது: இந்த மூன்றையும் பார்த்துத்தான் முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கையில் எடுத்துச் சுடவும் வேண்டும், பழுது பார்க்கக் கற்கவும் வேண்டும் என்றால் ஷெரிடன் பிஜிபி. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்து ஏற்றும் பம்ப் வேண்டாம், விசையை இழுக்க இழுக்கச் சுடும் செமி ஆட்டோ வேண்டும் என்றால் ஆட்டோமேக். நெல்ஸ்பாட் 007 வரலாற்றுப் பிரியர்களுக்கு. அதில் பழுது வேலை பழகக் கூடாது. ஆட்டோகாக்கர் இரண்டாவதாக வாங்க வேண்டியது. டிப்மன் எஸ்எம்ஜி-60 அலமாரிக்கு. 1990களின் பிற்பகுதியில் வந்த மின்னணு மாடல்கள், முதல் துப்பாக்கியாகக் கூடவே கூடாது. காரணங்கள் கீழே.

நெல்ஸ்பாட் 007

இதன் கதை விளையாட்டில் தொடங்கியதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அயர்ன் மவுன்டனைச் சேர்ந்த நெல்சன் பெயின்ட் கம்பெனி, வெட்ட வேண்டிய மரங்களுக்கு வனத்துறையினர் அடையாளமிடும் பெயின்ட் விற்று வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்கும் இருந்த இடத்திலிருந்தே அடையாளமிட ஒரு கருவி வேண்டியிருந்தது. முதலில் கிராஸ்மன் நிறுவனம் 707 என்ற மாடலைச் செய்தது, அது எடுபடவில்லை. பிறகு காற்றுத் துப்பாக்கி செய்யும் டெய்சி நிறுவனம் நெல்சனுக்காகச் செய்து கொடுத்ததுதான் 007. மருந்து கேப்சூல் செய்து வந்த ஆர்.பி. ஷெரர் நிறுவனம் ஜெலட்டின் உறைக்குள் பெயின்டை அடைத்துக் கொடுத்தது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கரில் பன்னிரண்டு பேர் காட்டுக்குள் ஆடிய முதல் ஆட்டத்தில் எல்லார் கையிலும் இருந்தது இதுதான். அந்த ஆட்டத்தில் வென்ற ரிச்சி வைட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்பது ஒரு வேடிக்கை.

இந்த வரலாறுதான் இதன் விலை. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி, பத்து உருண்டைக் குழாய், ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை (உருண்டையைப் பேரல் என்னும் சுடுகுழலுக்குள் தள்ளும் உருளை) இழுத்துத் துப்பாக்கியைச் சாய்த்து உருண்டையை உருட்டி உள்ளே விட வேண்டும். ஆடுகளத்தில் இதன் திறமை ரொம்பச் சுமார். உதிரிபாகம் வேண்டுமென்றால் இன்னொரு உடைந்த நெல்ஸ்பாட் கிடைக்க வேண்டும். சீல்களைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஓ-ரிங்குகளை அளந்து மாற்றுவதை வாங்கிவிடலாம். வால்வின் அடைப்புச் சீல் கிழிந்திருந்தால் டெஃப்லான் அல்லது டெல்ரின் பிளாஸ்டிக் கம்பியில் கடைந்துகொள்ள வேண்டும்.

சுத்தம் செய்யும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் வந்த உருண்டைகளில் எண்ணெய் பெயின்ட் இருந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கியின் பேரலிலும் உருண்டைக் குழாயிலும் காய்ந்து ஓடாகப் படிந்திருப்பது அதுதான். வெந்நீரில் ஊறப்போட்டால் ஒன்றும் நடக்காது. டர்பன்டைன் நனைத்த துணியைக் குழாய்க்குள் சில மணி நேரம் விட்டு வைத்து, மரக்குச்சியால் தள்ளி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடித் தகடுகளை முன்பே கழற்றிவிடுங்கள். எழுத்துப் பொறிப்பும் தொழிற்சாலைப் பூச்சும் ஒழுங்காக இருக்கும் நெல்ஸ்பாட்டைக் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் திறந்து மூடுங்கள். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு வேலையும் அதன் மதிப்பைக் குறைக்கும்.

ஷெரிடன் பிஜிபி

விஸ்கான்சின் மாநிலத்து ரசீனில் காற்றுத் துப்பாக்கி செய்து வந்த ஷெரிடன், 1980களில் பெயின்ட்பாலுக்கும் வந்தது. தன் பழைய பித்தளைக் குழாய் வேலையை அப்படியே இங்கும் கொண்டு வந்தது. மேல் குழாயில் போல்ட். கீழ்க் குழாயில் ஹேமர், வால்வு, அதற்கு முன்னால் 12 கிராம் குப்பி. ஹேமர் போய் வால்வுத் தண்டை இடிக்கும், வால்வு திறக்கும், வாயு ஒரு துளை வழியாக மேலே ஏறிப் போல்ட்டுக்குள் புகுந்து உருண்டையைத் தள்ளும். அவ்வளவுதான். இந்த இரட்டைக் குழாய் அமைப்பைப் புரிந்துகொண்டால் பின்னால் வந்த பல துப்பாக்கிகளின் பாதி புரிந்துவிடும். ஆட்டோகாக்கரும் இந்த வம்சம்தான். நெல்சன் வம்சத்தில் போல்ட், ஹேமர், வால்வு மூன்றும் ஒரே கோட்டில் ஒரே குழாய்க்குள் இருக்கும். பாகம் குறைவு என்றாலும், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது புதியவருக்குச் சிரமம். ஷெரிடனில் கசியும் இடமே தன் பெயரைச் சொல்லிவிடும்.

பேரல் வழியாகச் சீறினால் வால்வு வாயை மூடும் கப் சீல். குப்பி மூடியருகே கசிந்தால் குப்பிக் கழுத்து உட்காரும் வாஷர். கைப்பிடிக்குள்ளிருந்து வந்தால் வால்வு உடம்பைச் சுற்றியுள்ள ஓ-ரிங். காதை வைத்தோ பேரலுக்குள் எட்டிப் பார்த்தோ தேட வேண்டாம். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

பிரிக்கும் முறை: குப்பியை எடுத்துவிட்டு, கண்ணாடியும் பேரல் அடைப்பும் போட்டுக்கொண்டு இரண்டு முறை வெறுமனே சுட்டு, மீதி வாயுவை வெளியேற்றுங்கள். கைப்பிடிச் சட்டத்தைக் கழற்றுங்கள். பின்மூடியை எடுக்கும்போது ஹேமர் ஸ்பிரிங் தெறிக்கும்; கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே விடுங்கள். வால்வைப் பிடித்திருக்கும் திருகை முழுவதும் எடுத்த பிறகே வால்வைத் தள்ள வேண்டும். திருகு அரைகுறையாக நிற்கும்போது தட்டினால் பித்தளைக் குழாயின் உள்சுவர் கீறும். அந்தக் கீறலில் எந்த ஓ-ரிங்கும் அடைக்காது, துப்பாக்கி அதோடு முடிந்தது. இரும்புக் கம்பி வேண்டாம், மரக்கம்பியால் தள்ளுங்கள்.

வெளியே எடுத்த கப் சீலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வால்வு விளிம்பு பதிந்த மெல்லிய வட்டக்கோடு இருந்தால் சரி. கோடு பள்ளமாக இருந்தாலோ ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தாலோ தேய்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் 1500 எண் நீர் உப்புத்தாளைப் போட்டு, தண்டைச் செங்குத்தாகப் பிடிக்க ஒரு சின்னத் துளைத் தகடு வைத்து, எட்டு வடிவத்தில் சில சுற்றுகள். பள்ளம் போனவுடன் நிறுத்திவிடுங்கள். சீல் மெலிந்தால் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து வேகம் மாறும். வால்வு விளிம்பில் பச்சைக் களிம்பு இருந்தால் மர முனையில் மெட்டல் பாலிஷ் தடவி விரலால் திருப்புங்கள். டிரில்லில் மாட்டிச் சுற்றுகிறவர்கள் விளிம்பைக் கோணலாக்கி வைப்பார்கள்.

பிஜிபியின் இன்னொரு தொல்லை பேரல் விட்டம். பழைய பேரல்கள் பெரும்பாலும் .690 அங்குலத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், இப்போது வரும் .68 அங்குல உருண்டைகள் பலவும் அதைவிடச் சிறியவை. துப்பாக்கியைக் கீழே சாய்த்தால் உருண்டை தானே உருண்டு வெளியே வரும். பேரலுக்கும் உருண்டைக்கும் இடையில் வாயு கசிந்து வேகம் முன்னும் பின்னும் ஆடும். பித்தளைக் குழாயோடு பற்றவைத்த பேரலை மாற்ற வழியில்லை. பெரிய விட்டத்து உருண்டை தேடி வாங்குவது, அல்லது உருண்டையை நிறுத்தும் சிறு பிடிப்பானைப் பொருத்துவது ஆகிய இரண்டுதான் வழி. பிடிப்பானுக்குத் துளை போட வேண்டுமென்றால், அந்தத் துப்பாக்கி ஏற்கெனவே அடிபட்டதாக இருக்கட்டும்.

பம்ப், 12 கிராம் குப்பி, பேரலுக்கு இணையான பத்து உருண்டைக் குழாய் என்ற கட்டுப்பாட்டோடு ஆடும் ஸ்டாக் கிளாஸ் ஆட்டம் இன்றும் நடக்கிறது. பிஜிபி அங்கே காட்சிப் பொருளல்ல, ஆடும் ஆயுதம். ஒரு குப்பிக்குச் சுமார் 20 முதல் 30 சூடு வரும். அதைவிடக் குறைவாக வந்தால், ஒன்று எங்கோ கசிகிறது, அல்லது யாரோ கடினமான ஹேமர் ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறார்கள்.

டிப்மன்

டென்னிஸ் டிப்மன் குடும்பம் இந்தியானாவின் ஃபோர்ட் வெய்னில் பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளை அளவில் சுருக்கி, உண்மையாகவே சுடும்படி செய்து வந்தது. 1986இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுமக்களுக்குப் புதிய தானியங்கித் துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. அந்தக் கைத்திறன் பெயின்ட்பாலுக்குத் திரும்பியதில் பிறந்ததுதான் எஸ்எம்ஜி-60. விசையைப் பிடித்தால் தொடர்ந்து சுடும். உருண்டைகளை ஐந்தைந்தாகப் பட்டையில் கோத்து ஏற்ற வேண்டும். கையில் எடுத்தால் கனமும் அழகும் தெரியும். ஆனால் அதன் உருண்டை .62 அங்குலம். இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை .68, .50, .43. எனவே மூல நிலையில் இருக்கும் எஸ்எம்ஜி-60 சுட முடியாத துப்பாக்கி. .68க்கு மாற்றியது சுடும், ஆனால் சேகரிப்பாளர் கண்ணில் அது பாதி விலை. போதாக்குறைக்குப் பட்டைகள் தொலைந்துபோகும். துப்பாக்கியைவிடப் பட்டையைத் தேடுவது பெரும்பாடு. வாங்கினால் பட்டையோடு வாங்குங்கள்.

அதே நிறுவனத்தின் 68 ஸ்பெஷல், புரோ-லைட், புரோ-ஆம் போன்ற செமி ஆட்டோக்கள் இவ்வளவு கௌரவம் பெறவில்லை. பழுதுபார்க்க மட்டும் இவைதான் சுலபம். முன் போல்ட், பின் போல்ட், இரண்டையும் இணைக்கும் கம்பி, நடுவில் வால்வு. சுடும்போது வாயுவில் ஒரு பங்கு பின் போல்ட்டைத் திரும்பத் தள்ளி அடுத்த சூட்டுக்குத் தயார் செய்யும். இதில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே காரணம். பின் போல்ட்டின் ஓ-ரிங் தேய்ந்தால் பின்தள்ளும் வலு போதாது. போல்ட் சியரைத் தாண்டிப் போகாமல் திரும்பி வந்து மறுபடி வால்வை இடிக்கும், ஒரு முறை விசையை இழுத்தாலும் டகடகவென்று சுடும். சியர் என்பது போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் கொக்கி. அதன் நுனி மழுங்கினாலும் இதே அறிகுறி. மூன்றாவது காரணம் துப்பாக்கியில் இல்லை: 450 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வெளியீடு உள்ள குறைந்த அழுத்தச் சிலிண்டரை மாட்டினாலும் இதேதான் நடக்கும். இவற்றுக்கு 850 பிஎஸ்ஐ அளவு வேண்டும். ஓ-ரிங் மாற்றும் முன் சிலிண்டரின் முத்திரையைப் படியுங்கள்.

சியர் நுனியை அரத்தால் கூராக்கலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். அது மேற்பரப்பு மட்டும் கடினமாக்கிய எஃகு. கடினமான தோல் போனதும் சில நூறு சூட்டில் மறுபடி மழுங்கும், இம்முறை வேகமாக. மாற்றுச் சியர் வாங்குங்கள்.

ஆட்டோமேக்கா, ஆட்டோகாக்கரா?

1990களில் ஆடுகளத்தை இரண்டாகப் பிரித்த சண்டை இது. பழையது சேர்ப்பவர்களிடம் இன்னும் ஓயவில்லை. டாம் கேயின் ஏர்கன் டிசைன்ஸ் ஆட்டோமேக்கைச் செய்தது. பட் ஓரின் வோர் கேம் புராடக்ட்ஸ், ஸ்னைப்பர் என்ற தன் பம்ப் துப்பாக்கியிலிருந்து ஆட்டோகாக்கரை வளர்த்தது. செமி ஆட்டோ என்ற பெயர் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. உள்ளே இருப்பது முற்றிலும் வேறு தத்துவம்.

ஆட்டோமேக்கில் ஹேமரே கிடையாது. ஒரு சின்ன அறையில் அழுத்தப்பட்ட வாயு போல்ட்டை முன்னே தள்ளக் காத்திருக்கும், சியர் பிடித்திருக்கும். விசையை இழுத்தால் சியர் விடும், போல்ட் முன்னே பாயும், வாயு அதன் வழியாக வெளியேறும், ஸ்பிரிங் போல்ட்டைத் திருப்பிக் கொண்டுவரும். பின்னால் உள்ள ஒற்றைத் திருகைக் கழற்றினால் முழு வால்வும் கையில் வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு உடம்பு என்பதால் முப்பது ஆண்டு கொட்டகையில் கிடந்ததும் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். பழைய துப்பாக்கிகளில் இப்படி அமைவது அபூர்வம்.

அதன் நோய்களும் எண்ணி முடியும். பேரல் வழியாகத் தொடர்ந்து கசிந்தால், போல்ட்டின் தண்டு நுழையும் பவர் டியூப் என்ற குழாயின் ஓ-ரிங். விசையை இழுக்கும்போது மட்டும் கசிந்தால், வாயு வரத்தைத் திறந்து மூடும் ஆன்-ஆஃப் வால்வின் ஓ-ரிங்குகள். சுடாமல் வைத்திருந்த பிறகு முதல் சூடு மட்டும் அதிக வேகத்தில் போனால், உள்ளே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் இருக்கை தேய்ந்து அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்று பொருள். இதில் பவர் டியூப்தான் பொறுமையைச் சோதிக்கும். அந்த ஓ-ரிங்கைத் தாங்கும் ஸ்பேசர் பல நீளங்களில் உண்டு. ஒரு அளவு மாற்றினால் கசிவு நிற்கும். இன்னும் ஒரு அளவு மாற்றினால் பிடி இறுகிப் போல்ட் ஒட்டிக்கொண்டு திரும்பி வராது. பழைய ஸ்பேசர்களைத் தூக்கி எறியாமல் நீளத்தை அளந்து சீட்டு எழுதி வையுங்கள். போல்ட்டின் விளிம்பில் சியர் பிடிக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள்: வட்ட விளிம்பு உருண்டு போயிருந்தால் புதுப் போல்ட், புதுச் சியர் இரண்டும் சேர்ந்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும்.

ஆட்டோகாக்கர் இதற்கு நேர் எதிர். உடம்பு ஷெரிடன் பாணி. ஆனால் முன்னால் சிறு ரெகுலேட்டர், மூவழி வால்வு, ராம் எனப்படும் குட்டிக் காற்று உருளை என மூன்று கருவிகள் தொங்கும். விசையை இழுத்தால் முதலில் சுடும். இன்னும் இழுத்தால் மூவழி வால்வு திசை மாறி, ராம், போல்ட்டோடு இணைந்த பின்கட்டையைப் பின்னே தள்ளி, ஹேமரை ஏற்றி, போல்ட்டைத் திறக்கும். விசையை விட்டால் எல்லாம் முன்னே வந்து மூடும். மூடிய போல்ட்டிலிருந்து சுடுவதால் குறி நன்றாக விழும் என்று அதன் பக்தர்கள் சொல்வார்கள். உருண்டையும் பேரலும் பொருந்தியிருந்தால் இரண்டின் குறியும் ஒன்றுதான் என்பது எங்கள் கருத்து. ஆட்டோகாக்கரின் உண்மையான பலம் வேறு: 15/16-20 மரை உள்ள பேரல்கள் நிறையவே புழங்குவதால், உருண்டைக்குத் தக்க விட்டம் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோமேக்கின் பழைய திருகிப் பூட்டும் பேரலுக்கு அந்த வசதி குறைவு.

ஆட்டோகாக்கரைப் பழுது பார்ப்பது என்றால் டைமிங்தான், அதாவது சுடுவதும் மறுபடி ஏற்றுவதும் சரியான வரிசையில் நடக்கும்படி சரிசெய்வது. சீல் மாற்றுவது ஒரு மாலை வேலை. டைமிங் தெரியாதவர் கையில் அதே துப்பாக்கி உருண்டையை நசுக்கிக்கொண்டே இருக்கும். வரிசை மாறாமல் செய்தால் வசப்படும். முதலில் ஹேமரின் கீழே உள்ள திருகை ஏற்றி இறக்கி, விசைப் பயணத்தின் ஏறக்குறைய பாதியில் சியர் விடும்படி வையுங்கள். அடுத்து மூவழி வால்வின் கம்பி: சுட்ட பிறகே அது திசை மாற வேண்டும், விசை முழுவதும் பின்னே போகும் முன் மாறி முடிய வேண்டும். இந்த இரண்டு புள்ளிகளும் நெருங்கினால், உருண்டை பேரலை விட்டுப் போகும் முன்பே போல்ட் திறந்து வாயு உருண்டைக் குழாய் வழியாகப் பீறிடும். வேகம் சரியும், மேலே இருக்கும் உருண்டைகள் குதிக்கும். மூன்றாவது, பின்கட்டை முழுவதும் பின்னே போகும்போது ஹேமர் சியரில் மாட்டுகிறதா என்று ஹேமரை இழுக்கும் காக்கிங் ராடின் நீளத்தைச் சரிபார்ப்பது. கடைசியாகத்தான் முன் ரெகுலேட்டர். முழுவதும் குறைத்து, கால் சுற்றுக் கால் சுற்றாக ஏற்றி, பின்கட்டை ஒவ்வொரு முறையும் தயங்காமல் போய் வரும் இடத்தில் இன்னும் ஒரு பொடிச் சுற்று கூட்டி விட்டுவிடுங்கள். முதலிலேயே அழுத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு டைமிங் பார்க்கிறவர்கள் தவறான டைமிங்கை வலுவால் மறைக்கிறார்கள். அதன் விலையை விரல் நசுங்கியோ பின்கட்டைக் கம்பி வளைந்தோ கொடுப்பார்கள்.

குழல்கள் பழசானால் மஞ்சளாகி வெடிக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். 10-32 மரை முனைகளை டெஃப்லான் டேப் சுற்றி இறுக்காதீர்கள். டேப் துணுக்கு ஒன்று மூவழி வால்வுக்குள் போனால் போதும், நாள் முழுவதும் போய்விடும்.

ஆக, ஆட்டோமேக்கில் தப்பு நடந்தால் ஓ-ரிங்கோடு போகும். ஆட்டோகாக்கரில் முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு பாகத்தை மாற்றியிருப்பார்கள். தொழிற்சாலை விட்ட நிலையில் ஓர் ஆட்டோகாக்கரைக் காண்பதே அரிது. எது மூலம், எது பின்னால் வந்தது என்று கண் பழகும் வரை அதில் பெரிய பணம் போட வேண்டாம்.

மின்னணு மாடல்கள்

1996இல் ஸ்மார்ட் பார்ட்ஸின் ஷாக்கர், அடுத்து இங்கிலாந்தின் டபிள்யூடிபி செய்த ஏஞ்சல். வரலாற்றில் இடம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் சர்க்யூட் போர்டு போனால் அதோடு முடிந்தது. ஸ்மார்ட் பார்ட்ஸ் 2010இல் மூடப்பட்டது. சொலினாய்டை (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) மாற்று வைத்து ஓட்டலாம், போர்டைப் புதிதாக எழுதிச் செய்யும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். மின்னணு வேலை தெரிந்தவராக இருந்தால் தைரியமாக இறங்கலாம். மற்றவர்கள், பேட்டரி கசிந்து பச்சை பூத்த போர்டைப் பார்த்தவுடன் விலகிவிடுங்கள்.

பூச்சை மாற்றலாமா, விட்டுவிடலாமா?

எந்த மாடல் என்பதைவிடப் பணத்தை அதிகம் தின்பது இந்த முடிவுதான். எங்கள் நிலைப்பாடு: சீல், ஸ்பிரிங், குழல் இவை தேயும் பொருட்கள், மாற்றலாம். மூல பாகம் கையில் இருந்தால் ஒரு பொட்டலத்தில் போட்டுத் துப்பாக்கியோடு வையுங்கள். பூச்சு தேயும் பொருளல்ல. அதைத் தொடாதீர்கள்.

பித்தளை ஷெரிடனில் கறுப்புப் பூச்சுக்கு அடியில் தங்க நிறம் எட்டிப் பார்க்கும். பாலிஷ் போட்டால் கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னும். விற்கப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். பாலிஷ் முதலில் தின்பது பொறித்த எழுத்தின் விளிம்பை. கறுப்புப் பூச்சு பாதிக்கு மேல் போன துப்பாக்கி என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அலுமினியத் துப்பாக்கிகளில் அனோடைஸ் பூச்சை (அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சிப் போடும் கடினப் பூச்சு) எடுக்கப் பலர் காஸ்டிக் சோடாக் கரைசலில் போடுகிறார்கள். அது பூச்சை மட்டும் எடுக்காது, அலுமினியத்தையும் கரைக்கும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வெளிவரும். சாதாரண அனோடைஸ் 5 முதல் 25 மைக்ரான் தடிமன். அதை எடுத்தாலே போல்ட் ஓடும் துளை விரியும். கூடுதலாக ஊறினால் ஓ-ரிங் பிடிக்காத அளவுக்குத் தளரும், மரைகள் மழுங்கும். கட்டாயம் செய்ய வேண்டுமென்றால் போல்ட் துளை, வால்வுத் துளை, மரைகள் எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பால் மூடி, குளிர்ந்த நீர்த்த கரைசலில் சில விநாடிகள் முக்கிக் கழுவிப் பார்த்து, மறுபடி முக்குங்கள். துருப்பிடிக்காத எஃகு ஊசி, முளை எதையும் உள்ளே விட்டுவிட்டுப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். அனோடைஸ் செய்யும் கந்தக அமிலத் தொட்டியில் அந்த எஃகு மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். தானும் அரிக்கும், வேலையும் கெடும். 1990களின் தெறிப்பு அனோடைஸ், அதாவது இரண்டு மூன்று நிறம் சிதறியது போன்ற பூச்சு, ஒவ்வொன்றும் தனி. அதை யாராலும் அப்படியே திருப்பிச் செய்ய முடியாது. அதை உரித்தவர் ஒரு துப்பாக்கியை உலகத்திலிருந்து எடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இறுகிய திருகுகளிலும் பூச்சு போகும். பழைய ஆட்கள் சிவப்பு லாக்டைட் என்னும் திருகுப் பசையைப் போட்டு வைத்திருப்பார்கள். அது இளக சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். கேஸ் டார்ச்சைக் காட்டினால் அனோடைஸ் சாயம் வெளுக்கும். சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் வைத்துவிட்டுத் திருப்புங்கள். இவை அமெரிக்கத் துப்பாக்கிகள், அங்குல ஆலன் கீ வேண்டும்: 1/16, 5/64, 3/32, 1/8, 9/64, 5/32. மில்லிமீட்டர் கீயை நெருக்கிப் பொருத்தித் திருப்பினால் குழி உருண்டுவிடும். விற்பனைப் படங்களில் உருண்டு போன திருகுத் தலைகளைக் கண்டால், உள்ளே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வாயு

கார்பன் டை ஆக்சைடா, உயரழுத்தக் காற்றா என்பதும் துப்பாக்கியைப் பொறுத்தது. 12 கிராம் குப்பித் துப்பாக்கிகளுக்குக் கேள்வியே இல்லை. கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியில் சுமார் 830 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும், வேகமும் ஏறும். காலையில் அளந்த வேகத்தை நண்பகலில் மறுபடி அளக்காமல் ஆடக் கூடாது. பல களங்களில் உச்சவரம்பு விநாடிக்கு 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர். பழைய துப்பாக்கியை 270 அடியில் தொடங்கி ஏற்றுங்கள். ஆட்டோமேக்குக்கு உயரழுத்தக் காற்றே நல்லது, 850 பிஎஸ்ஐ வெளியீட்டோடு. திரவ நிலையில் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போனால் ஓ-ரிங்குகள் உறைந்து விறைக்கும், வேகம் தாறுமாறாகும்.

ஓ-ரிங் வாங்கும்போது கறுப்பு நைட்ரைல் போதும் என்பார்கள். காற்றுக்குப் போதும். கார்பன் டை ஆக்சைடு அதற்குள் ஊறி, அழுத்தம் திடீரென்று குறையும்போது கொப்புளமாக வெளியேறும், வளையம் வீங்கும். வாயு நேரடியாகத் தொடும் இடங்களில் 90 கடினத்தன்மை யூரித்தேன் போடுங்கள். சிலிண்டர் வாயில் உட்காருவது 015 அளவு: உள்விட்டம் 14 மி.மீ., தடிமன் 1.78 மி.மீ. பத்துப் பதினைந்தாக வாங்கி வையுங்கள். அடிக்கடி போவது அதுதான். வளையத்துக்குச் சிலிக்கான் எண்ணெய் ஒரு பொட்டு. உயரழுத்தக் காற்றை நிரப்பும் முனையில் மட்டும் எந்தப் பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் படக் கூடாது. வேகமாக நிரப்பும்போது அது பற்றிக்கொள்ளும்.

துப்பாக்கியோடு வரும் பழைய சிலிண்டரைப் பரிசாக நினைக்க வேண்டாம். அமெரிக்க விதிப்படி அலுமினியச் சிலிண்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கார்பன் ஃபைபர் சுற்றியதன் ஆயுள் 15 ஆண்டு, அதன் பிறகு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் குப்பைதான். சிலிண்டரின் தோளில் தேதி பொறித்திருக்கும். கண்ணாடிக்கும் அதே கண்டிப்பு: துப்பாக்கி 1985ஆக இருக்கலாம், முகக்கவசம் பெயின்ட்பால் கண்பாதுகாப்புக்கான ஏஎஸ்டிஎம் எஃப்1776 தர முத்திரையுள்ள இன்றைய கவசமாக இருக்க வேண்டும்.

எடுத்து வைக்கும்போது

வாயு இல்லாமல், ஹேமர் ஏற்றாமல், சியருக்குப் பாரம் இல்லாமல் வையுங்கள். உருண்டைக் குழாயையும் பேரலையும் வெதுவெதுப்பான நீரால் கழுவி முழுவதும் உலரவிடுங்கள். இன்றைய உருண்டைகளின் உள்ளீடு ஈரத்தை இழுக்கும், ஒட்டிய துளி ஒன்று போதும் எஃகு ஸ்பிரிங்கில் துரு பிடிக்க. மூலப் பெட்டியில் ஸ்பாஞ்ச் மெத்தை இருந்தால் துப்பாக்கியை அதில் படுக்க வைக்காதீர்கள். பழைய பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துக் கரைந்து பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டும்போது பூச்சும் வரும். பெட்டியைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். துப்பாக்கியைப் பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் போல்ட்டை நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு மறுபடி சுற்றி வையுங்கள்.